இந்தியாவில் விலங்குநலச் சட்டச் சீர்திருத்த இயக்கம்

இந்தியாவில் விலங்குநலச் சட்டச் சீர்திருத்த இயக்கம் என்பது, விலங்குகளை மனிதர் இழைக்கும் கொடுமையிலிருந்து காக்கும் சட்டங்களை இயற்றவும், திருத்தவும், நடைமுறைப்படுத்தவும் வேண்டித் தன்னார்வலர்களும் தன்னார்வ அமைப்புகளும் மேற்கொண்டு வரும் முயற்சிகளின் தொகுப்பாகும். இது 19 ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் கொல்கத்தாவில் தொடங்கியது. நாடு விடுதலை பெற்ற பின்னர், மாநிலங்களவை உறுப்பினராக இருந்த உருக்மிணி தேவி அருண்டேல் கொண்டுவந்த தனி உறுப்பினர் மசோதாவின் விளைவாக 1960 இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. இன்றும் இத்துறையின் அடிப்படைச் சட்டம் அதுவே. இவ்வியக்கத்திற்கு ஒரே தலைமையோ ஒரே அமைப்போ கிடையாது. காயம்பட்ட விலங்கை மீட்பவர், காவல் நிலையத்தில் புகார் அளிப்பவர், நீதிமன்றத்தில் வழக்காடுபவர், நாடாளுமன்ற உறுப்பினர் எனப் பலரும் இதில் பங்கு கொண்டுள்ளனர்.

விலங்கு நலமும் விலங்கு உரிமையும்

இத்துறையில் இரண்டு கருத்துகள் வேறுபடுத்திக் காட்டப்படுகின்றன. மனிதர் விலங்குகளைப் பயன்படுத்துவதை ஏற்றுக்கொண்டு, அப்பயன்பாட்டில் தேவையற்ற வலியும் துன்பமும் இருத்தல் கூடாது என்பது விலங்கு நலக் கருத்து ஆகும். விலங்குகளை உணவுக்காகவோ உழைப்புக்காகவோ பொழுதுபோக்குக்காகவோ பயன்படுத்துவதே தவறு என்பது விலங்கு உரிமைக் கருத்து ஆகும். இந்தியச் சட்டங்கள் பெரும்பாலும் முதற் கருத்தையே பின்பற்றுகின்றன. 1960 ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்வது "தேவையற்ற வலி அல்லது துன்பம்" உண்டாக்குவதையே ஆகும். எது தேவையானது, எது தேவையற்றது என்பதே பின்னாளைய வழக்குகள் பலவற்றின் மையக் கேள்வியாக அமைந்தது.

வரலாறு

பிரித்தானியர் காலம்

இங்கிலாந்தில் 1822 இல் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற நாடாளுமன்ற உறுப்பினரின் முயற்சியால் கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதற்கு எதிரான சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஏட்டளவில் நின்றுவிடாமல் இருக்க வேண்டும் என்ற நோக்குடன் 1824 இல் இலண்டனில் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் தொடங்கப்பட்டது. இதனை முன்மாதிரியாகக் கொண்டு, ஓவியரும் ஆசிரியருமான கோல்ஸ்வொர்தி கிராண்ட் 1861 இல் கல்கத்தா விலங்குவதைத் தடுப்புச் சங்கத்தை நிறுவினார். மும்பையில் இத்தகைய சங்கம் 1874 இல் தோன்றியது. அக்கால நகரங்களில் போக்குவரத்து முழுவதும் மாட்டு வண்டிகளையும் குதிரை வண்டிகளையும் நம்பியிருந்தது. எனவே அளவுக்கு மீறிய பாரம் ஏற்றுதல், புண்பட்ட மாடுகளையும் குதிரைகளையும் வண்டியில் பூட்டுதல் ஆகியவையே இச்சங்கங்களின் முதற் கவலைகளாக இருந்தன.

1890 இல் பிரித்தானிய இந்திய அரசு விலங்குவதைத் தடுப்புச் சட்டம் ஒன்றை இயற்றியது. இச்சட்டம் எழுபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. பின்னாளில் இந்திய அரசு அமைத்த குழு இதில் நான்கு முக்கியக் குறைகளைச் சுட்டிக்காட்டியது. அவையாவன:

1. நகராட்சி எல்லைக்கு உட்பட்ட நகர்ப்பகுதிகளுக்கு மட்டுமே சட்டம் பொருந்தியது.
2. வீட்டு விலங்குகளும் பிடித்து வைக்கப்பட்ட விலங்குகளும் மட்டுமே "விலங்கு" எனக் கருதப்பட்டன.
3. குறிப்பிட்ட சில வகைக் கொடுமைகள் மட்டுமே குற்றமாக்கப்பட்டிருந்தன.
4. சில குற்றங்களுக்கான தண்டனை போதுமானதாக இல்லை.

இவற்றுள் நான்காவது குறை, பின்வந்த சட்டத்திலும் வேறு வடிவில் தொடர்ந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

உருக்மிணி தேவியின் மசோதா

மதுரையில் 1904 இல் பிறந்த உருக்மிணி தேவி அருண்டேல், பரதநாட்டியத்திற்குப் புத்துயிர் அளித்தவர்களுள் ஒருவராகவும், 1936 இல் சென்னையில் கலாசேத்திராவை நிறுவியவராகவும் பரவலாக அறியப்படுகிறார். 1952 இல் அவர் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினரானார். கலைத்துறைக்காக நியமிக்கப்பட்ட அவர், அவையில் விலங்குகளின் துன்பத்தையே தம் முதன்மைப் பொருளாக எடுத்துக்கொண்டார். 1890 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக ஒரு விரிவான சட்டம் வேண்டும் என்று தனி உறுப்பினர் மசோதா ஒன்றை 1953 இல் முன்வைத்தார்.

அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதா சட்டமாவது இந்திய நாடாளுமன்றத்தில் மிக அரிதாகும். ஆயினும் இம்மசோதா அவையில் கவனம் பெற்றது. அரசே இப்பொருள் பற்றி ஒரு மசோதாவைக் கொண்டுவரும் என்று தலைமை அமைச்சர் சவகர்லால் நேரு உறுதியளித்ததை ஏற்று, உருக்மிணி தேவி தம் மசோதாவைத் திரும்பப் பெற்றார். அதன்பின் அரசு ஒரு குழுவை அமைத்து நிலைமையை ஆராய்ந்தது. குழுவின் பரிந்துரைகளைத் தழுவிய அரசு மசோதா நிறைவேறி, 1960 டிசம்பர் 26 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. மசோதா தோல்வியுற்றது போலத் தோன்றினாலும், அதன் நோக்கம் ஏழு ஆண்டுகளில் நிறைவேறியது எனலாம்.

விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 1960

இச்சட்டத்தின்படி "விலங்கு" என்பது மனிதர் அல்லாத எந்த உயிரினத்தையும் குறிக்கும். ஒரு விலங்கைத் தம் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைப் பேணுவதும், அதற்குத் தேவையற்ற வலி நேராமல் தடுப்பதும் அவரது கடமை என்று 3 ஆம் பிரிவு கூறுகிறது. 11 ஆம் பிரிவு எவை கொடுமைகள் என்பதைப் பட்டியலிடுகிறது. அவற்றுள் சில:

* அடித்தல், உதைத்தல், அளவுக்கு மீறிப் பாரம் ஏற்றுதல்
* நோயுற்ற, புண்பட்ட, வயது முதிர்ந்த விலங்கை வேலை வாங்குதல்
* அசைய இடமில்லாத கூண்டில் அடைத்தல்
* மிகக் குறுகிய சங்கிலியால் நெடுநேரம் கட்டி வைத்தல்
* உணவு, நீர், தங்குமிடம் அளிக்காதிருத்தல்
* தக்க காரணமின்றி விலங்கைக் கைவிடுதல்
* விலங்குகளை ஒன்றோடொன்று மோதவிட்டுப் போட்டி நடத்துதல்

அதே வேளையில் கொம்பு நீக்குதல், விதை நீக்கம், சூடு போடுதல் ஆகியவற்றை விதிக்கப்பட்ட முறையில் செய்வதற்கும், உணவுக்காக விலங்கைக் கொல்வதற்கும் விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. தெருநாய்களை உரிய முறையில் அழிப்பதற்கும் இப்பிரிவில் இடம் உண்டு. சமயத்தின் தேவைப்படி விலங்கைக் கொல்வது இச்சட்டத்தின்கீழ்க் குற்றமாகாது என்று 28 ஆம் பிரிவு கூறுகிறது. இவ்விலக்குகள் அனைத்தும் பின்னர் விவாதத்திற்கு உள்ளாயின.

11 ஆம் பிரிவின்கீழ் முதல் முறை குற்றம் புரிந்தவருக்கு விதிக்கப்படும் தண்டனை 10 ரூபாய்க்குக் குறையாமலும் 50 ரூபாய்க்கு மேற்படாமலும் உள்ள அபராதம் ஆகும். மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் குற்றம் புரிந்தால் 25 முதல் 100 ரூபாய் வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். 11 ஆம் பிரிவின் பெரும்பாலான குற்றங்களுக்குக் காவல்துறை பிடியாணை இன்றிக் கைது செய்ய இயலாது. குற்றம் நடந்த மூன்று மாதங்களுக்குள் வழக்குத் தொடரப்பட வேண்டும் என்பது மற்றொரு வரம்பாகும். இச்சட்டம் 1982 இல் திருத்தப்பட்டது. எனினும் மேற்கூறிய அபராதத் தொகை உயர்த்தப்படவில்லை.

இந்திய விலங்குநல வாரியம்

சட்டத்தின் 4 ஆம் பிரிவின்படி 1962 இல் இந்திய விலங்குநல வாரியம் சென்னையில் அமைக்கப்பட்டது. உருக்மிணி தேவி அதன் முதல் தலைவராக இருந்து, 1986 இல் மறையும் வரை வழிநடத்தினார். வாரியம் அரசுக்கு ஆலோசனை கூறுதல், விலங்குநல அமைப்புகளை அங்கீகரித்தல், அவற்றுக்கு நிதியுதவி வழங்குதல் ஆகிய பணிகளைச் செய்கிறது. தண்டனை வழங்கும் அதிகாரம் அதற்கு இல்லை. 2018 இல் வாரியத்தின் தலைமையகம் சென்னையிலிருந்து அரியானா மாநிலத்தின் பல்லப்கருக்கு மாற்றப்பட்டது. 2019 இல் வாரியம் சுற்றுச்சூழல் அமைச்சகத்திலிருந்து, கால்நடை பராமரிப்பைக் கவனிக்கும் அமைச்சகத்தின்கீழ் கொண்டுவரப்பட்டது.

அரசியலமைப்பு

1976 இல் நிறைவேறிய 42 ஆவது திருத்தம் அரசியலமைப்பில் குடிமக்களின் அடிப்படைக் கடமைகளைச் சேர்த்தது. உயிரினங்களிடத்தில் இரக்கம் காட்டுவது ஒவ்வொரு குடிமகனின் கடமை என 51அ(எ) உறுப்பு கூறுகிறது. இதனை மீறுவோரை நேரடியாகத் தண்டிக்க இயலாது. ஆயினும் தன்னார்வலர்கள் தொடுத்த வழக்குகளில் இவ்வுறுப்பு பலமுறை எடுத்தாளப்பட்டுள்ளது.

தன்னார்வலர்களின் பணிகள்

சட்டச் சீர்திருத்தம் என்பது புதிய சட்டம் இயற்றச் செய்வது மட்டுமன்று. இந்தியாவில் தன்னார்வலர்கள் செய்யும் பணிகளைப் பின்வருமாறு பகுக்கலாம்.

சான்று திரட்டுதல்: விலங்குக்கு இழைக்கப்படும் கொடுமையை வாக்குமூலம் அளிக்க விலங்கால் இயலாது. எனவே நேரில் கண்ட சாட்சியின் கூற்று, ஒளிப்படம், நிகழ்படம், கால்நடை மருத்துவரின் சான்றிதழ், இறந்திருந்தால் உடற்கூறாய்வு அறிக்கை ஆகியவையே வழக்குக்கு ஆதாரமாகின்றன. இடம், நாள், நேரம், வண்டியின் எண் முதலியவற்றை உடனே குறித்துக்கொள்வது புதிய தன்னார்வலர்களுக்குக் கற்பிக்கப்படும் முதற் பாடமாகும்.

புகார் அளித்தல்: பெரும்பாலான கொடுமைகள் காவல் நிலையத்தை எட்டுவதே இல்லை. எட்டினாலும், எந்தப் பிரிவின்கீழ் வழக்குப் பதிவது என்பதில் குழப்பம் ஏற்படுவதுண்டு. உரிய பிரிவுகளைச் சுட்டி எழுத்து வடிவில் புகார் அளிப்பதும், வழக்கின் போக்கைத் தொடர்ந்து கவனிப்பதும் தன்னார்வலர்களின் பணியாகும். வாரியம் இவர்களுள் சிலரைக் கௌரவ விலங்குநல அலுவலர்களாக நியமிப்பதுண்டு. 2001 இல் வெளியான விதிகள் ஒவ்வொரு மாவட்டத்திலும் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் அமைக்க வேண்டும் என்று கூறுகின்றன.

தகவல் பெறுதல்: 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இவ்வியக்கத்திற்குப் பெரிதும் உதவியது. பதிவான வழக்குகள், ஆய்வு நடந்த இறைச்சிக்கூடங்கள், நாய்க் கருத்தடைக்குச் செலவான தொகை முதலியவற்றை அதன்வழிக் கேட்டுப் பெற இயலும்.

வரைவுகள் மீது கருத்துரைத்தல்: அரசு புதிய விதிகளை அரசிதழில் வரைவாக வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்பது வழக்கம். குறித்த காலத்திற்குள் எழுத்து வடிவில் அளிக்கப்படும் கருத்துகளை அரசு பரிசீலிக்க வேண்டும். கையொப்ப இயக்கங்கள் மக்களின் கவனத்தை ஈர்க்க உதவினாலும், விதியின் எந்தச் சொல் ஏன் மாற வேண்டும் என்று விளக்கும் மனுவே வரைவாளருக்குப் பயன்படுகிறது.

வழக்காடுதல்: பொதுநல வழக்கு முறை 1980களில் வளர்ந்த பின்னர், தன்னார்வ அமைப்புகள் உயர் நீதிமன்றங்களையும் உச்ச நீதிமன்றத்தையும் நேரடியாக அணுகத் தொடங்கின.

முக்கிய நிகழ்வுகள்

குரங்கு, தவளை ஏற்றுமதி

மருத்துவ ஆய்வுகளுக்காக இந்தியாவிலிருந்து செம்முகக் குரங்குகள் பெருமளவில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்யப்பட்டு வந்தன. இவற்றுள் சில படைத்துறை ஆய்வுகளில் பயன்படுத்தப்பட்டமை 1970களில் வெளிப்பட்டது. முதனிகள் பாதுகாப்பு அமைப்பை நிறுவிய சர்லி மெக்கிரீல் இச்செய்தியை இந்திய இதழ்களுக்குத் தெரிவித்தார். இதையடுத்து எழுந்த எதிர்ப்பின் விளைவாக, மொரார்சி தேசாய் தலைமையிலான அரசின் காலத்தில், 1978 இல் இவ்வேற்றுமதி நிறுத்தப்பட்டது. தவளைக் கால் ஏற்றுமதி 1987 இல் தடைசெய்யப்பட்டது. தவளைகள் குறைந்தால் வயல்களில் பூச்சிகள் பெருகும் என்ற வேளாண்மை வாதமும் இத்தடைக்குத் துணைநின்றது.

காட்சி விலங்குகள்

கரடி, குரங்கு, புலி, சிறுத்தை முதலியவற்றைக் காட்சிப் பொருளாகப் பயிற்றுவிப்பதையும் காட்டுவதையும் தடைசெய்யும் அறிவிக்கையை மத்திய அரசு 1991 இல் முதன்முதலாக வெளியிட்டது. இது நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டதால் மறுஆய்வுக்குப் பின் 1998 இல் புதிய அறிவிக்கை வெளியானது. சர்க்கசு நிறுவனத்தார் இதனையும் எதிர்த்தனர். தொழில் நடத்தும் உரிமை பாதிக்கப்படுகிறது என்பது அவர்களின் வாதம். கேரள உயர் நீதிமன்றம் 2000 சூன் மாதத்தில் தடையை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றமும் 2001 இல் இதனை ஏற்றது. மனிதருக்கு மட்டுமே உரிமை உண்டு என்ற எல்லையைத் தாண்டிச் சட்டம் சிந்திக்கலாம் என்று சுட்டிய தொடக்ககாலத் தீர்ப்புகளுள் கேரளத் தீர்ப்பும் ஒன்றாகும். 2013 இல் ஓங்கில்களை வைத்துக் காட்சி நடத்தும் நிலையங்களுக்கு அனுமதி அளிக்கக் கூடாது என மத்திய அரசு மாநிலங்களுக்கு அறிவுறுத்தியது.

தெருநாய்கள்

நகராட்சிகள் தெருநாய்களைப் பிடித்துக் கொல்வது பிரித்தானியர் காலம் முதல் வழக்கமாக இருந்தது. சென்னையில் கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தினர் 1959 இல் தொடங்கிய புளூ கிராசு அமைப்பு, கொல்வதால் நாய்களின் எண்ணிக்கை குறையவில்லை என்றும், கருத்தடையும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியுமே தீர்வு என்றும் 1960களிலிருந்து வலியுறுத்தி வந்தது. ஓரிடத்து நாய்களை அகற்றினால் எஞ்சிய உணவையும் இடத்தையும் நாடிப் புதிய நாய்கள் வருகின்றன. கருத்தடை செய்யப்பட்டுத் தடுப்பூசி பெற்ற நாய் அதே இடத்தில் இருந்தால் புதியவை நுழைவது குறைகிறது என்பது இதன் அடிப்படையாகும். சென்னை மாநகராட்சி இம்முறையை ஏற்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. 1995 இல் தென்சென்னையில் முன்னோட்டமாகத் தொடங்கி, பின்னர் நகர் முழுவதும் இது விரிவுபடுத்தப்பட்டது.

2001 டிசம்பரில் மத்திய அரசு வெளியிட்ட விலங்குக் கருத்தடை (நாய்கள்) விதிகள் இம்முறையை நாடு முழுமைக்கும் உரியதாக்கின. இவற்றுக்கு மாற்றாக 2023 மார்ச்சில் புதிய விதிகள் வெளியாயின. ஆயினும் பல உள்ளாட்சிகளில் கருத்தடை மையங்களும் மருத்துவர்களும் போதிய அளவில் இல்லாமையால் விதிகள் முழுமையாகச் செயல்படவில்லை. நாய்க்கடியும் வெறிநாய்க்கடி இறப்புகளும் தொடர்ந்தன.

2025 ஆகத்து 11 அன்று தில்லியிலும் அதனைச் சூழ்ந்த பகுதிகளிலும் உள்ள தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு ஆணையிட்டது. ஆகத்து 22 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு இதனை மாற்றி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர்ந்த நாய்களைக் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் பின் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. உணவிடுவதற்குத் தனி இடங்களை ஒதுக்கவும் கூறியது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, பள்ளிகள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், தொடர்வண்டி நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து பிடிக்கப்படும் நாய்களை அங்கேயே திரும்ப விடக் கூடாது என ஆணையிட்டது.

ஏறுதழுவல் வழக்கு

தமிழ்நாட்டின் ஏறுதழுவல் எனப்படும் சல்லிக்கட்டு பற்றிய வழக்கு இவ்வியக்கத்தின் வரலாற்றில் மிகுந்த விவாதத்திற்கு உள்ளானதாகும். 2011 இல் காட்சி விலங்குத் தடைப் பட்டியலில் காளையும் சேர்க்கப்பட்டது. இந்திய விலங்குநல வாரியமும் விலங்குநல அமைப்புகளும் தொடர்ந்த வழக்கில் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் சல்லிக்கட்டுக்குத் தடை விதித்து, தமிழ்நாடு அரசின் 2009 ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தையும் செல்லாததாக்கியது. பசி, நோய், அச்சம் முதலியவற்றிலிருந்து விடுபட்டிருத்தல் எனும் ஐந்து விடுதலைகளை இந்தியச் சட்டத்தின் 3, 11 ஆம் பிரிவுகளோடு இணைத்துப் படிக்க வேண்டும் என்று இத்தீர்ப்பு கூறியது.

2017 சனவரியில் சென்னை மெரினா கடற்கரையிலும் மாநிலத்தின் பிற இடங்களிலும் தடைக்கு எதிராக மாணவர்களும் இளைஞர்களும் பெருந்திரளாகக் கூடினர். இவர்களும் தாமாக முன்வந்தவர்களே ஆவர். சல்லிக்கட்டு இல்லையெனில் நாட்டுக் காளைகளை வளர்ப்போர் அருகிவிடுவர் என்றும், தமிழரின் பண்பாட்டில் பிறர் தலையிடுகின்றனர் என்றும் அவர்கள் வாதிட்டனர். அம்மாதமே தமிழ்நாடு சட்டமன்றம் 1960 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாநிலத் திருத்தம் இயற்றியது. 2023 மே 18 அன்று ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு இத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. எனவே இன்று சல்லிக்கட்டு விதிகளுக்கு உட்பட்டு நடைபெறுகிறது. காளைகளுக்கு மருத்துவச் சோதனை, போட்டிக் களத்தின் அளவு, பார்வையாளர் பாதுகாப்பு முதலியவற்றை அவ்விதிகள் வரையறுக்கின்றன. விதிகள் பின்பற்றப்படுகின்றனவா என்று கவனிப்பதே அதன்பின் தன்னார்வலர்களின் பணியாயிற்று.

ஆய்வகங்களும் பண்ணைகளும்

விலங்குகள் மீதான ஆய்வுகளைக் கண்காணிக்க 1960 ஆம் ஆண்டுச் சட்டமே ஒரு குழுவுக்கு வழிசெய்தது. அதற்கான விரிவான விதிகள் 1998 இல் வெளியாயின. ஒப்பனைப் பொருள்களை விலங்குகளில் சோதிப்பது 2014 இல் தடைசெய்யப்பட்டது. அவ்வாறு சோதிக்கப்பட்ட பொருள்களின் இறக்குமதியும் அதே ஆண்டில் தடைசெய்யப்பட்டது. முட்டைக் கோழிகளை நெருக்கமான கம்பிக் கூண்டுகளில் அடைப்பது குறித்து இந்தியச் சட்ட ஆணையம் 2017 சூலையில் தன் 269 ஆவது அறிக்கையை அளித்தது. எண்ணிக்கையில் மிகுந்த பண்ணை விலங்குகள் பற்றிய சீர்திருத்தமே மிக மெதுவாக நகர்கிறது என்பது தன்னார்வலர்களின் பொதுவான முறையீடாகும்.

தண்டனையை உயர்த்தும் கோரிக்கை

1960 இல் 50 ரூபாய் என்பது பொருட்படுத்தத்தக்க தொகையாக இருந்தது. இன்று அது அச்சுறுத்தும் தொகையாக இல்லை. ஒரு விலங்கைச் சாகும்வரை அடித்தவரும் இப்பிரிவின்கீழ் மட்டும் வழக்குத் தொடரப்பட்டால் 50 ரூபாய் செலுத்திவிட்டுச் செல்ல இயலும். இதனை மாற்ற வேண்டும் என்பது இவ்வியக்கத்தின் நெடுநாள் கோரிக்கையாகும்.

இக்குறையை ஈடுசெய்யத் தன்னார்வலர்கள் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 428, 429 ஆம் பிரிவுகளையும் சேர்த்துப் புகார் அளித்து வந்தனர். அவை விலங்கைக் கொல்வதற்கும் ஊனப்படுத்துவதற்கும் முறையே இரண்டு, ஐந்து ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை விதித்தன. ஆனால் அவை விலங்கை ஒருவரின் உடைமையாகக் கருதி, அதன் விலையைக் கொண்டு குற்றத்தை அளந்தவை. 2024 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சங்கிதையின் 325 ஆம் பிரிவு இவ்வேறுபாட்டை நீக்கி, எந்த விலங்கைக் கொன்றாலும் ஊனப்படுத்தினாலும் ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்றது. அதே வேளையில், பழைய சட்டத்தின் 377 ஆம் பிரிவுக்கு இணையான பிரிவு புதிய சட்டத்தில் இல்லை. இதனால் விலங்குகள் மீதான பாலியல் கொடுமையைத் தண்டித்த விதி மறைந்துவிட்டது என விலங்குநல அமைப்புகள் சுட்டிக்காட்டின.

1960 ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு மாற்றாக விலங்குநல வாரியம் 2011 இல் ஒரு வரைவை உருவாக்கியது. அது சட்டமாகவில்லை. 2022 நவம்பரில் மத்திய அரசு திருத்த வரைவு ஒன்றை வெளியிட்டுப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. "கொடூர வதை" எனும் புதிய வகையை ஏற்படுத்தி, அதற்கு மூன்று ஆண்டுகள் வரை சிறையும் 50,000 முதல் 75,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க அவ்வரைவு முன்மொழிந்தது. விலங்கைக் கொல்வதற்கு ஐந்து ஆண்டுகள் வரை சிறை என்றது. ஐந்து விடுதலைகளும் அதில் இடம்பெற்றன. ஆயினும் 2024 முடியும் வரை அது நாடாளுமன்றத்தில் நிறைவேறவில்லை.

விமர்சனங்கள்

இவ்வியக்கத்தின் மீது பல்வேறு தரப்பினர் முன்வைக்கும் விமர்சனங்கள் பின்வருமாறு:

* வாழ்வாதாரம்: கரடியாட்டுவோர், பாம்பாட்டிகள், குரங்காட்டிகள், வண்டியோட்டிகள் போன்ற ஏழைகளே தடைகளால் முதலில் பாதிக்கப்படுகின்றனர். மாற்றுத் தொழிலுக்கு வழிசெய்யாத தடை நிலைப்பதில்லை. கரடியாட்டத்தை முடிவுக்குக் கொண்டுவந்த அமைப்புகள், கரடிகளை மீட்டதோடு கலந்தர் சமூகத்தினருக்குத் தொழிற்பயிற்சியும் குழந்தைகளுக்குக் கல்வியும் அளித்தமை இங்குக் கருதத்தக்கது.
* மக்கள் பாதுகாப்பு: தெருநாய்களால் கடிபடுவோர் பெரும்பாலும் குழந்தைகளும் நடந்து செல்வோருமே ஆவர். இவர்களின் துன்பத்தை விலங்குநல அமைப்புகள் போதிய அளவு கருதவில்லை என்று கூறப்படுகிறது. விதிகளைச் செயற்படுத்தாத உள்ளாட்சிகளே இதற்குப் பொறுப்பு என்பது அமைப்புகளின் மறுமொழியாகும்.
* சமயமும் வழக்கமும்: தமிழ்நாட்டில் கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கும் 1950 ஆம் ஆண்டுச் சட்டம் நெடுங்காலம் ஏட்டளவில் இருந்தது. 2003 இல் அதனை அரசு கண்டிப்பாக நடைமுறைப்படுத்த முற்பட்டபோது, நாட்டார் தெய்வ வழிபாட்டில் தலையீடு என எதிர்ப்பு எழுந்தது. 2004 இல் அச்சட்டமே நீக்கப்பட்டது. மக்களின் இசைவு பெறாத சட்டத்தின் நிலைக்கு இது எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது.
* சட்டத்தைக் கையில் எடுத்தல்: கால்நடைகளை ஏற்றிச் செல்லும் வண்டிகளை மறித்து வன்முறையில் ஈடுபட்ட கும்பல்கள் விலங்குப் பாதுகாப்பைக் காரணமாகக் கூறின. இத்தகைய வன்முறையைத் தடுக்க உச்ச நீதிமன்றம் 2018 சூலையில் அரசுகளுக்கு வழிகாட்டுதல்களை வழங்கியது. தகவல் தெரிவிப்பதும் புகார் அளிப்பதும் மட்டுமே குடிமக்களின் பணி. சோதனையிடுவதும் கைப்பற்றுவதும் சட்டம் அதிகாரம் அளித்த அலுவலரின் பணியாகும்.

இவற்றையும் பார்க்கவும்

* உருக்மிணி தேவி அருண்டேல்
* இந்திய விலங்குநல வாரியம்
* ஏறுதழுவல்
* வெறிநாய்க்கடி நோய்
* பொதுநல வழக்கு
* தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005